ஒல்லியாகும் ஆசை மட்டும் காரணமல்ல

ஆசிரியருக்கு,

வணக்கம். உண்ணுதல் கோளாறு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சாப்பிட்டதை வாந்தியெடுக்கும் பெண்களைப் பற்றிப் பேசும் கட்டுரையாளர், பழியை முழுக்க இன்ஸ்டாகிராம் மீதும் ஒல்லியாகும் ஆசை மீதும் போட்டுவிட்டார். மனநலப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். அதில் விடுபட்டதைச் சொல்லத் தோன்றியது.

எங்கள் வார்டுக்கு வந்த சில பெண்களுக்கு உடல் எடை பெரிய கவலையே இல்லை. தோழி போனை எடுக்கவில்லை, காதலன் பதில் போடவில்லை, அவ்வளவுதான். எல்லோரும் கைவிட்டுவிட்டார்கள் என்று மனம் கொந்தளிக்கும். அதை அடக்கக் கையில் கிடைத்ததையெல்லாம் தின்பார்கள், அப்புறம் வாந்தி. கொஞ்ச நேரம் நிம்மதி, பின்னாலேயே வெட்கம். விரல் கணுக்களில் பல் பட்டுப் பட்டுக் காய்த்த தழும்பைப் பார்த்தாலே எங்களுக்குப் புரிந்துவிடும். அதே கையில் சற்று மேலே, தானே கீறிக்கொண்ட வடுக்களும் இருக்கும்.

இவர்களில் பலருக்கு இருந்தது 'பார்டர்லைன் பெர்சனாலிட்டி டிஸ்ஆர்டர்', அதாவது உணர்ச்சிகளும் உறவுகளும் நிலைகொள்ளாமல் தவிக்கும் ஆளுமைக் கோளாறு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு இதற்கு ஒன்பது அறிகுறிகளைச் சொல்கிறது. அவற்றில் ஒன்று யோசிக்காமல் தனக்கே கேடு செய்துகொள்வது. கண்மூடித்தனமான செலவு, போதைப் பழக்கம் ஆகியவற்றோடு அளவுமீறித் தின்பதும் அங்கே உதாரணமாக இருக்கிறது. ஆனால் இங்கே நடப்பது என்ன? வாந்திக்கு வயிற்று டாக்டர், எண்டோஸ்கோபி, அசிடிட்டி மாத்திரை. கை வடுவுக்கு வேறொரு டாக்டர். இரண்டையும் சேர்த்துக் கேட்க ஆளில்லை. இதற்குள் ஓயாத வாந்தியால் உடம்பில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறலாம்.

எதிர்த்திசையிலும் ஓர் ஆபத்து உண்டு. எலும்பும் தோலுமாக வந்த பெண் எரிந்து விழுந்தால், 'இவள் குணமே இப்படி' என்று உடனே முத்திரை குத்திவிடக் கூடாது. பட்டினியே மனதை அப்படி மாற்றிவிடும். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 1944-45இல் ஆரோக்கியமான 36 ஆண்களை ஏறக்குறைய ஆறு மாதம் அரைவயிற்றில் வைத்துப் பார்த்தார்கள். சோர்வு, சிடுசிடுப்பு, எந்நேரமும் சோற்று நினைப்பு. ஒருவர் தன் விரல்களையே கோடரியால் வெட்டிக்கொண்டார். வயிறார உணவு கிடைத்த பிறகும் சிலரால் தின்பதை நிறுத்த முடியவில்லை. முதலில் உடம்பு தேறட்டும், குணத்தை அப்புறம் பார்க்கலாம்.

பார்டர்லைன் கோளாறுக்குச் சிகிச்சை இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான் உருவாக்கிய டி.பி.டி. (டயலெக்டிக்கல் பிஹேவியர் தெரபி) என்ற பேச்சு, பயிற்சி வழிச் சிகிச்சை முறை, கொந்தளிப்பு வரும்போது எதுவும் செய்துவிடாமல் அதைக் கடக்கப் பழக்குகிறது. அளவுமீறித் தின்பவர்களுக்கும் வாந்தியெடுப்பவர்களுக்கும் ஏற்றபடி அதைப் பின்னால் மாற்றியமைத்திருக்கிறார்கள். லினஹானே 17 வயதில் மனநல மருத்துவமனையில் இருந்தவர்; 2011இல்தான் வெளியே சொன்னார். நம் ஊரில் இதில் பயிற்சி பெற்றவர்கள் குறைவு என்பதுதான் என் ஆதங்கம்.

ஒரு வேண்டுகோள். இப்படிப்பட்ட கட்டுரைகளோடு மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416-ஐயும் அச்சிடுங்கள். கட்டணம் கிடையாது, இரவிலும் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மனநலச் செவிலியர்,
மதுரை