ஒஹிய வரைக்கும் வந்த மகளுக்கு

அன்பு மகளுக்கு,

ஃபோனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

படத்தைப் பார்த்தேன். அப்பாதான் ஃபேஸ்புக்கில் இல்லையே, அவருக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்திருப்பாய். ராத்திரி சாப்பிடும்போது தம்பி காட்டினான். ஹோர்ட்டன் சமவெளியில், உலக முடிவு என்கிற அந்தச் செங்குத்துப் பாறையின் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். நல்லா இருக்கு என்றாள் அம்மா, அவளுக்கு அந்த ஆழம் தெரியாது. 800 மீற்றருக்கு மேல். 2015இல் தேனிலவுக்கு வந்த நெதர்லாந்துப் பையன் ஒருவன் மனைவியைப் படமெடுக்கிறேன் என்று பின்னாலேயே போய் விழுந்தான், நடுவில் ஒரு மரத்தில் சிக்கியதால் பிழைத்தான். எல்லோருக்கும் மரம் இருக்காது மா. இனிமேல் அந்த ஓரத்தில் உட்காராதே.

மேலே ஏதோ மெல்லிய ஜாக்கெட். அந்த நீலச் சுவெட்டரை எடுத்துக்கொண்டு போ என்று போன தடவையே சொன்னேன், பழசு என்று அலுமாரியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாய். 2,100 மீற்றர் உயரம் அது, தை மாசியில் விடியற்காலை புல்லெல்லாம் உறைந்து வெள்ளையாகக் கிடக்கும். கொழும்பில் இருப்பவர்களுக்கு நுவரெலியா வரைக்கும்தான் குளிர் தெரியும். உனக்குமா தெரியாது?

வீட்டில் எல்லோரும் சுகம். தம்பிக்கு அடுத்த மாதம் சோதனை, படிக்கிற மாதிரித் தெரியவில்லை. பின்பக்கத் தகரம் மாற்றினோம். மழை இல்லை. நீ எந்த வழியாகப் போனாய் என்று தம்பிக்குத் தெரியவில்லை, ஆனால் ஒரு படத்தில் பின்னால் ஒஹிய ஸ்டேஷன் பெயர்ப்பலகை இருக்கிறது. ஒஹியவுக்கும் நம் அப்புத்தளைக்கும் ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. சும்மா சொல்கிறேன். கூட வந்த பிள்ளைகள் இருந்திருப்பார்கள், வேனுக்கு நேரம் இருந்திருக்கும். நான் எதுவும் கேட்கவில்லை. அம்மாதான் அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்று கோழி வாங்கியிருந்தாள்.

அந்த முழங்காலோடு ஒன்பது கிலோமீற்றர் சுற்றி வந்திருக்கிறாய், அதை நினைத்தால் சந்தோஷம்தான். பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு இறங்குகிற அந்தப் படியில் என் வயதுக்காரர்கள் எத்தனையோ பேர் திரும்பிவிடுவார்கள். சொந்தச் சம்பளத்தில், யாரிடமும் கேட்காமல் போய் வந்தாய். நம் வீட்டில் ஊர் பார்ப்பதற்கென்று காசு செலவழித்த முதல் ஆள் நீதான், அத்தையிடம்கூட அதைச் சொன்னேன். இப்போதும் வாசலில் பையைத் திறந்து பார்க்கிறார்களா? எங்கள் காலத்தில் பிஸ்கட்டின் பொலித்தீன் உறையைக் கழற்றி, பேப்பரில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள், பிள்ளைகள் பாதியை வழியிலேயே கொட்டிவிட்டார்கள்.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. ஓரத்தில் உட்காராதே.

சரி, இதை எழுதாமல் கடிதத்தை மடிக்க முடியாது. அந்தப் படத்துக்குக் கீழே உன் சிநேகிதி ஒருத்தி, கீழே சின்னதாகக் கூரையெல்லாம் தெரிகிறதே, அது என்ன ஊர் என்று கேட்டிருக்கிறாள். நீ பதில் போட்டிருக்கிறாய், தெரியாது, ஏதோ ஒரு எஸ்டேட் என்று. தம்பி அதை வாசித்துவிட்டுச் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு ஃபோனை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அது நன்பெரியல் தோட்டம் என்று உனக்குத் தெரியும். ஐந்து வயது வரை ஒவ்வொரு பொங்கலுக்கும் அங்கேதான் இருந்தாய். அப்பாயி அந்த மலையைப் பார்த்துத்தான் அன்றைய நாளைச் சொல்லும், பாறையின் இடுப்பில் மேகம் ஏறிவிட்டால் மத்தியானத்துக்குள் மழை, கம்பளியை எடு என்று. மேலே அதற்கு உலக முடிவு என்று ஒரு பெயர் இருப்பது கடைசி வரைக்கும் அப்பாயிக்குத் தெரியாது. கல்லுமலை என்றுதான் சொல்லும்.

உன்னைக் கோபித்துக்கொண்டு இரண்டு பக்கம் எழுதினேன். அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். ஏன் என்றால், அதே பதிலை நான் உனக்கு முன்னாலேயே சொல்லியிருக்கிறேன் மா. 1997. நீ பிறக்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தோம், ஏழரை மணி இருக்கும், துளி மேகம் இல்லை. கூட வந்த டீச்சர் ஒருவர் கையை நீட்டி, அது யாருடைய தோட்டம் சேர் என்று கேட்டார். தேயிலை ஃபாக்டரிக்கு இடது பக்கம் ஒரு தகர வரிசை வெயிலில் மின்னுகிறது, அதில் எந்தக் கூரை எங்களுடையது என்று எனக்குத் தெரியும், அந்த நேரத்துக்கு அப்பாயி கொழுந்துக்கூடையோடு எந்த மலையில் நிற்கும் என்பதும் தெரியும். தெரியாது மிஸ், ஏதோ தோட்டம் என்றேன். புதுப் பள்ளிக்கூடம், வீடு அப்புத்தளை டவுனில் என்று சொல்லி வைத்திருந்தேன். அந்த டீச்சர் அத்தோடு விட்டுவிட்டு பிள்ளைகளை எண்ணப் போய்விட்டார், வேறு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அன்றைக்கு நான் போட்டிருந்த நீலச் சுவெட்டர், மாஸ்டருக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று அப்பாயி தன் ஈபிஎஃப் காசில் எடுத்துக் கொடுத்தது.

அப்பாயியிடம் இதைச் சொல்லவே இல்லை. ட்ரிப் எப்படி இருந்தது என்று கேட்டபோது, மேகமாக இருந்தது, ஒன்றும் தெரியவில்லை என்றேன். அதுவும் நம்பியது. பத்து மணிக்கு மேல் போனால் அப்படித்தான் என்று எனக்குச் சமாதானம் வேறு சொன்னது.

அந்தப் பதிலை நீ அழிக்க வேண்டாம், மாற்றவும் வேண்டாம், உன் சிநேகிதிகளிடம் போய் விளக்கம் சொல்லவும் வேண்டாம். அடுத்த தடவை போகும்போது என்னைக் கூட்டிக்கொண்டு போ. முழுச் சுற்று என்னால் முடியாது, போகவர எட்டுக் கிலோமீற்றர் மெதுவாக நடப்பேன், நீ முன்னால் போய் நில். ஒன்பது மணிக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும், அப்புறம் கீழே ஒன்றும் தெரியாது. கூரையைக் காட்டுகிறேன்.

இந்தக் கடிதம் அம்மாவுக்குத் தெரியாது. அத்தையிடமும் பேச்சுவாக்கில் உளறிவிடாதே.

அப்பா