சனிக்கிழமை பதிவுப் பக்கம் ஏன் நின்றது

அன்புள்ள விடுதி, படகு உரிமையாளர்களுக்கு,

வணக்கம். போன சனி காலை புறாமலைத் தீவுக்குப் போகவிருந்த ஆட்கள் நிலாவெளிக் கரையில் போனும் கையுமாக நின்றார்கள். பதிவுப் பக்கம் சுற்றிச் சுற்றி, 60 செக்கனில் 504 ('உரிய நேரத்தில் பதில் வரவில்லை' என்ற பிழை) என்று விழுந்தது. பலர் அழைத்து ஏசினீர்கள், நியாயம்தான்.

காசு வாங்கித் தரும் இடைநிறுவனத்தின் சேர்வர் அன்று மந்தமாகிவிட்டது. அது அவர்கள் பாடு. ஆனால் சும்மா அறை விலை பார்க்க வந்தவரும் மாட்டிக்கொண்டது எங்கள் பிழை.

எங்கள் சேர்வரில் பக்கத்தை இயக்குவது பிஎச்பி என்ற புரோகிராம் மொழி. அதில் ஒரே நேரத்தில் ஐந்து 'வேலையாட்கள்'தான், அதாவது வரும் ஒவ்வொருவரையும் கவனிக்கும் ஐந்து புரோகிராம்கள். ஐந்து பேரும் அந்த இடைநிறுவனத்திலிருந்து பதில் வருமென்று நின்றுவிட்டால் ஆறாவது ஆளைக் கவனிக்க ஒருவருமில்லை. பிஎச்பிக்கு 30 செக்கன் வரம்பு உண்டே என்று நம்பியிருந்தோம். ஆனால் லினக்ஸ் இயங்குதளத்தில் அந்த வரம்பு புரோகிராம் உண்மையாக வேலை செய்யும் நேரத்தை மட்டுமே எண்ணும். வெளிப்பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் கணக்கில் சேராது. வெளியே தொடர்புகொள்ளும் கேர்ல் என்ற கருவிக்கோ, நாமாகச் சொல்லாவிட்டால் மொத்த நேரத்துக்கு வரம்பே கிடையாது. வருபவர்களை உள்ளே அனுப்ப முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ் என்ற புரோகிராம் 60 செக்கனில் கைவிரித்தது. உள்ளே நின்ற வேலையாளுக்கு அது தெரியாது, அவர் நின்றபடியே.

இப்போது இடைநிறுவனத்தைத் தொடர்புகொள்ள இரண்டு டைம்அவுட் (காத்திருக்கும் நேர வரம்பு) போட்டிருக்கிறோம். தொலைபேசி அழைப்பு மாதிரி நினையுங்கள். போன் மணி அடித்துக்கொண்டே இருப்பது ஒன்று. எடுத்து "கொஞ்சம் நில்லுங்கோ" என்றுவிட்டு ஆள் போய்விடுவது இன்னொன்று. முதலாவதுக்கு, அதாவது தொடர்பு கிடைக்க, 3 செக்கன். பதில் வரும்வரை எல்லாம் சேர்த்து 20 செக்கன். நாங்கள் அனுப்பும் குறுஞ்செய்திக்கு 5 செக்கன் போதும், போகாவிட்டால் வரிசையில் நின்று பிறகு போகும்.

காசு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. 20 செக்கன் கடந்தால் எங்களுக்குப் பதில் வரவில்லை என்றுதான் அர்த்தம். விருந்தினர் கணக்கில் காசு கழிந்திருக்கவும் கூடும். அதனால் 'தோல்வி' என்று காட்டமாட்டோம், 'உறுதி பார்க்கிறோம்' என்று வரும். அதே பதிவு இலக்கத்தை வைத்து நிமிடத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் விசாரிப்போம். விலையை இரண்டாம் தரம் கேட்டால் நட்டமில்லை, காசை இரண்டாம் தரம் எடுத்தால் விருந்தினர் சும்மா விடுவாரா? அந்தப் பத்து நிமிடமும் தயவுசெய்து அவரை மறுபடி கட்டச் சொல்லாதீர்கள். அதற்குப் பிறகும் விடை இல்லையென்றால் எங்களுக்கு ஒரு கோல் எடுங்கள்.

சனிக்கிழமை இருமுறை காசு கழிந்தவர்கள் உங்களிடம் வந்தால், பதிவு இலக்கத்தை மட்டும் அனுப்பிவையுங்கள். திருப்பி எடுத்துத் தரும் அலுவல் எங்களுடையது.

அன்புடன்,
உப்புவெளி அலுவலகத்திலிருந்து