ஹெட்ஃபோனை ஒப்பிடும் முன் சத்தத்தைச் சமன் செய்யுங்கள்

ஆசிரியருக்கு,

வீட்டில் பாட்டுக் கேட்பதற்கான உயர்விலை ஹெட்ஃபோன்களை ஒப்பிட்டு ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். விலை, இம்பீடன்ஸ் (ஓமில் சொல்லும் மின்தடை), சென்சிட்டிவிட்டி (குறிப்பிட்ட மின்அளவுக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பது) எல்லாம் அட்டவணையில் இருந்தன. அந்த எண்களை எப்படிப் படிப்பது என்பது மட்டும் இல்லை. கேட்டுப் பார்த்தபோது ஒலி அளவைச் சமன் செய்தார்களா என்பதும் தெரியவில்லை. செய்யாவிட்டால் அது ஒப்பீடே ஆகாது.

சென்சிட்டிவிட்டி சென்ஹைசர் எச்டி 650-க்கு 103 டெசிபல், ஹைஃபைமேன் சுந்தராவுக்கு 94 என்று பார்ப்பவர், சென்ஹைசர்தான் சத்தமாகப் பாடும் என்று நினைப்பார். நடப்பது நேர்மாறு. 103 என்பது 1 வோல்ட்டுக்கான கணக்கு. 94-ஐ 1 மில்லிவாட்டுக்கு என்று கொள்வதே வழக்கம். சுந்தரா 37 ஓம். அதற்கு 1 வோல்ட் கொடுத்தால் 27 மில்லிவாட் போகும். 14 டெசிபல் கூடி ஏறக்குறைய 108-க்கு வந்துவிடும். ஆம்ப்ளிஃபையரின் (ஆம்ப்) ஒலித் திருகைத் தொடாமல் பிளக்கை மட்டும் மாற்றிக் கேட்டால் சுந்தரா 5 டெசிபல் தூக்கலாக இருக்கும். தூக்கலாக ஒலிப்பதைக் காது நல்லது என்று எடுத்துக்கொள்ளும். 1 டெசிபல் கூடினாலே போதும். அது சத்தமாகத் தெரியாது, ‘தெளிவு’ என்றும் ‘பேஸ் கனம்’ என்றும்தான் தெரியும்.

சமன் செய்ய ஆய்வுக்கூடம் வேண்டாம். தடித்த அட்டை ஒன்றின் நடுவில் ஓட்டை போட்டு, காலர் மைக்கின் தலை மேற்பரப்போடு மட்டமாக நிற்கும்படி அடியிலிருந்து செருகி, சுற்றியுள்ள இடுக்கை டேப்பால் அடைக்க வேண்டும். ஹெட்ஃபோனின் ஒரு கப்பை ஓட்டை நடுவில் வரும்படி கவிழ்த்து, 500 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வரை மட்டும் வெட்டிய பிங்க் நாய்ஸை (சோதனைக்கான சீரான இரைச்சல்) ஓடவிட்டு, ரெக்கார்டிங் செயலி காட்டும் அளவைக் குறித்துக்கொள்ளலாம். முழு பிங்க் நாய்ஸ் சரிவராது. காது மெத்தை அட்டையில் படியாத இடத்தில் பேஸ் கசிந்து எண் தப்பாக வரும். மைக்கின் ஆட்டோ கெய்ன் (அளவைத் தானாக ஏற்றி இறக்கும் வசதி) அணைந்திருக்க வேண்டும். கப்பை எடுத்து எடுத்து மூன்று முறை வைத்துச் சராசரி பார்ப்பது நல்லது. இரண்டு ஹெட்ஃபோனும் அரை டெசிபலுக்குள் வந்ததும் திருகு நின்ற இடங்களைப் பென்சிலால் குறித்துவிட்டு, பிறகு பாட்டைப் போடலாம். பேலன்ஸ்டு கேபிள் (இடது, வலது இரண்டுக்கும் தனித்தனிக் கம்பி ஜோடி) செருகும் ஆம்பில் இன்னும் கவனம் வேண்டும். அந்த ஜாக்கில் வோல்ட்டேஜ் பெரும்பாலும் இரட்டிப்பு. அதாவது 6 டெசிபல் கூடுதல். ‘பேலன்ஸ்டில் உயிர் வந்தது’ என்பவர்கள் முதலில் இதைக் கழித்துப் பார்க்கட்டும்.

300 ஓம் என்றால் பெரிய ஆம்ப் வேண்டும் என்று கட்டுரை சொல்வதும் அரைகுறை. போனில் செருகும் 1 வோல்ட் டாங்கிளே (ஹெட்ஃபோனை இணைக்கும் சிறு அடாப்டர்) 300 ஓம் எச்டி 650-ஐ உச்சத்தில் 103 டெசிபல் வரை கொண்டுபோகும். சாஸ்திரிய இசையில் சராசரி அதைவிட 15, 20 டெசிபல் கீழே இருந்தாலும் வீட்டில் கேட்க அது தாராளம். ஆம்ப் உண்மையிலேயே தேவைப்படுவது ஹைஃபைமேன் சுஸ்வாராவுக்கு. 60 ஓம்தான், ஆனால் 83 டெசிபல். உச்சம் 110-ஐத் தொட அதற்கு அரை வாட் வேண்டும், ஏறக்குறைய 5.5 வோல்ட். ஓமை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான்.

பழைய ஸ்டீரியோ ரிசீவரின் ஹெட்ஃபோன் வாய் வேறு விதமாகக் கெடுக்கும். ஸ்பீக்கர் அவுட்புட்டிலிருந்தே ரெசிஸ்டர் போட்டு எடுத்திருப்பார்கள். அவுட்புட் இம்பீடன்ஸ் (அந்த ஜாக்கின் சொந்தத் தடை) 100 ஓமைத் தாண்டுவது சாதாரணம். எச்டி 600, 650 இரண்டின் இம்பீடன்ஸும் 100 ஹெர்ட்ஸை ஒட்டி 500 ஓமுக்கு மேல் ஏறுவதால், அந்த இடத்தில் பேஸ் ஒரு டெசிபல் உப்பும். பிளேனார்களின் (சுந்தரா, சுஸ்வாரா போல, தட்டையான சவ்வில் மின்கம்பி ஓடும் வகை) இம்பீடன்ஸ் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இருப்பதால் அவற்றின் குரல் மாறாது, சத்தம் மட்டும் குறையும்.

இனி குணம். 1997-இல் வந்த எச்டி 600 இன்றும் வாய்ப்பாட்டுக்கும் வயலினுக்கும் நம்பகமானது. 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே மெலிந்துவிடும். மிருதங்கத் தொப்பியின் (இடப் பக்கம்) கும்கிக்கு அது பெரிய குறையில்லை, சின்த் பேஸ் போட்ட சினிமாப் பாட்டில் தெரியும். அங்கே பிளேனார் முந்தும். 2009-இல் வந்த எச்டி 800-இல் 6,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு உண்டு. ‘ஸ’ சீறும், மேல் ஸ்தாயி வயலின் குத்தும். எச்டி 800 எஸ்-இல் அந்த அதிர்வை உறிஞ்சும் அமைப்பைச் சேர்த்து அடக்கினார்கள். இவற்றின் பெருமை அகன்ற மேடைதான் (இசை தலைக்கு வெளியே விரிந்து கேட்பது). ஆனால் பழைய வானொலிக் கச்சேரிகளையே அதிகம் கேட்பவர் அதற்குக் காசு கொடுப்பது வீண். மோனோ பதிவு எந்த ஹெட்ஃபோனிலும் தலைக்கு நடுவில்தான் உட்காரும். கூடுதலாகக் கிடைப்பது டேப் இரைச்சல்.

கட்டுரை தொடாத இன்னொன்று எடை. எச்டி 650 260 கிராம், ஃபோக்கல் யுடோபியா 490, ஆடிஸ் எல்சிடி-எக்ஸ் 600 கிராமுக்கு மேல். கடையில் பத்து நிமிடத்தில் இது தெரியாது. மூன்று மணி நேரக் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் வரும்போது கழுத்து சொல்லும்.

ஒலி திடீரென்று மாறினால் முதலில் மெத்தையைப் பாருங்கள். வேர்வையில் ஊறி அமுங்கிய மெத்தை காதை டிரைவருக்கு (ஒலி எழுப்பும் பாகம்) அருகே தள்ளி, ட்ரெபிளையும் பேஸையும் சேர்த்தே மாற்றும். மூக்குக்கண்ணாடிக் காம்பு மெத்தையைத் தூக்கினாலும் பேஸ் கசியும், க்ளோஸ்டு-பேக்கில் (கப்பின் முதுகு மூடிய வகை) கூடுதலாக. பேஸ் வரும்போது மட்டும் ‘கிர்ர்’ என்றால் டிரைவர் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். பாதி நேரம் ஒரு தலைமுடிதான். 20 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை டோனை மெதுவாக ஏற்றினால் இரைச்சல் எங்கே என்று பிடிபடும். மெத்தையைக் கழற்றி, உள்ளே இருக்கும் மெல்லிய ஸ்பாஞ்ச் வட்டை எடுத்து, முடியை இடுக்கியால் நீக்கலாம். வாக்குவம் கிளீனரையோ காற்றுக் கேனையோ பக்கத்தில் கொண்டுவரக் கூடாது, சவ்வு கிழியும்.

ஓப்பன்-பேக் (கப்பின் முதுகு திறந்த வகை) எல்லாமே நம் வீட்டு ஃபேனுக்குக் கீழே தோற்கும். தம்பூராவின் தேய்ந்து முடியும் நாதம் ஃபேன் இரைச்சலில் மூழ்க, கை தானாகத் திருகை ஏற்றும். உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 89-இல் 5 மணி நேரம்தான். வெயில் காலத்தில் ஃபேனை நிறுத்த முடியாதவர் பியர்டைனமிக் டிடி 770 போன்ற க்ளோஸ்டு-பேக்கைப் பார்க்கலாம், காது வேர்க்கும் என்று தெரிந்தே.

அடுத்த ஒப்பீட்டில் சென்சிட்டிவிட்டி எல்லாவற்றையும் 1 வோல்ட்டுக்கு மாற்றி, எடையையும் மாற்று மெத்தையின் விலையையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

ஒலிக்கருவி பழுதுபார்ப்போர் சிலர்,
கோயம்புத்தூர்