நான்காவது இலை

அன்புள்ள கதிருக்கு,

நேற்று போனில் நீ பொரிந்து தள்ளியதைச் சொல்லிச் சொல்லி அம்மா இன்னும் சிரிக்கிறாள். அயர்லாந்தின் காவல் புனிதரான பேட்ரிக்கின் நாள், அதாவது மார்ச் 17, செயின்ட் பேட்ரிக் நாள் வந்தாலே அயர்லாந்து அமைச்சர்கள் ஆளுக்கொரு திசையில் விமானம் ஏறிவிடுகிறார்கள், வரிப்பணத்தில் ஊர் சுற்றுகிறார்கள், ஆபீஸில் அந்த ஊர்க்காரர்களே திட்டுகிறார்கள் என்றாய். சரி, நீயும் அங்கே வரி கட்டுகிறவன், திட்டலாம். ஆனால் அவர்கள் போய் இறங்குகிற இடத்தில், சமையற்கட்டில் நின்றவன் நான். என் பங்குக்குக் கொஞ்சம் சொல்கிறேன்.

டெல்லி ஹோட்டலில் பாங்க்கெட் கிச்சனில் இருந்தபோது அந்த நாளுக்கான ஐரிஷ் விருந்துக்கு நான்கைந்து முறை சமைத்திருக்கிறேன். முதல் முறை 2014. அந்த வருஷம் மார்ச் 17 அன்றே ஹோலியும் வந்துவிட்டது. அப்போது ஹோலியன்று டெல்லியில் மதுவுக்குத் தடை. ஐரிஷ் விருந்தில் விஸ்கி இல்லாமலா என்று எங்கள் மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். வேறு வழியில்லாமல் தேதியை மாற்றினார்கள். விருந்துக்கு வந்த ஒரு பெரியவர் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சின்ன வயதில் அயர்லாந்திலேயே அன்றைக்கு பப் திறக்கக் கூடாதாம். 1920-களில் போட்ட சட்டம், 1960 வரை இருந்ததாம். டப்ளினில் நாய்க் கண்காட்சி நடக்கும் இடத்தில் மட்டும் ஊற்றுவார்களாம். வீட்டில் நாயே இல்லாதவர்களுக்கும் அன்றைக்கு நாய்கள் மேல் பாசம் பொங்குமாம்.

அந்த விருந்தில் என் மானம் போன கதையை உனக்குச் சொன்னதில்லை. பெரிய கேக் ஒன்று செய்து, மேலே பச்சை மார்சிபனில், அதாவது பாதாமும் சர்க்கரையும் பிசைந்த மாவில், இலைகள் வைத்தேன். நாலு இதழ் இலை அதிர்ஷ்டம் என்று எங்கோ படித்த ஞாபகத்தில் ஒவ்வொன்றுக்கும் நாலு இதழ். உருளைக்கிழங்கு மசியலிலும் பச்சைக் கலர் கலந்துவிட்டேன். அமைப்பாளர் அம்மா ஒருவர் வந்து பார்த்தார். முகம் சுளிக்கவில்லை. ஒவ்வொரு இலையிலிருந்தும் ஒரு இதழைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டே, "ஷாம்ராக்குக்கு மூன்றுதான்" என்றார். ஷாம்ராக் அயர்லாந்தின் சின்னம். பேட்ரிக் அந்த மூவிலையைக் காட்டித்தான் பிதா, சுதன், பரிசுத்த ஆவியை விளக்கினார் என்பது அவர்கள் ஊர்க் கதை. பேட்ரிக் பிறப்பால் அந்த நாட்டுக்காரரே இல்லை தெரியுமா? பிரிட்டனிலிருந்து அடிமையாகப் பிடித்துப்போய் ஆடு மேய்க்க விட்ட பையன். தப்பி ஓடியவர், பிற்பாடு தானாகவே திரும்பிப் போனார்.

மசியலை அந்த அம்மா தொடவில்லை. முட்டைக்கோஸை வேகவைத்து, வெண்ணெயோடு மசியலில் கலந்தால் போதும், அதுதான் கோல்கேனன், சாயம் எதற்கு என்றார். சோடா ரொட்டியும் அவர் சொல்லித்தான் கற்றேன். ஈஸ்ட் கிடையாது. புளித்த மோரும் சமையல் சோடாவும் சேர்ந்து பொங்குவதுதான் எல்லாம். பேக்கரிப் பையன் பாக்கெட் மோர் வாங்கி வந்தான், பார்த்தால் சீரகமும் உப்பும் போட்ட மசாலா மோர்! நானே உட்கார்ந்து தயிர் கடைந்தேன்.

இந்தக் கொண்டாட்டமே வெளியூரில் வளர்ந்து வீடு திரும்பியதுதான் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இந்த நாளுக்கான நியூயார்க் அணிவகுப்பு 1762-லேயே தொடங்கிவிட்டது, பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்த ஐரிஷ் சிப்பாய்கள் நடந்தது. நீ பார்க்கும் டப்ளின் திருவிழா இப்போதைய வடிவில் 1996-ல் வந்தது. அதற்கு முன் 1950-களில் டப்ளின் அணிவகுப்பில் உள்ளூர்த் தொழிற்சாலைச் சரக்குகளை லாரியில் ஏற்றி ஊர்வலம் விட்டிருக்கிறார்கள். ஆக, சாமி ஊர்வலத்தில் கடை விரிப்பது அவர்களுக்குப் புதிதில்லை. நாங்கள் பயன்படுத்திய கெர்ரிகோல்ட் என்ற ஐரிஷ் வெண்ணெயும் வெளியூர் போய் வீடு திரும்பியதுதான். 1962-ல் இங்கிலாந்தில் விற்பதற்காக வைத்த பெயர் அது. சொந்த நாட்டுக் கடைக்கு வரப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

1952-ல் வாஷிங்டனில் இருந்த அயர்லாந்து தூதர் அமெரிக்க அதிபர் ட்ரூமனுக்கு ஒரு சின்னப் பெட்டியில் ஷாம்ராக் கொடுத்தனுப்பினார். ட்ரூமன் அன்று ஊரிலேயே இல்லை. ஆனாலும் அந்தப் பெட்டிதான் வளர்ந்து வளர்ந்து, அயர்லாந்துப் பிரதமர் கண்ணாடிக் கிண்ணத்தில் ஷாம்ராக்கோடு வெள்ளை மாளிகைக்குள் போகிற வழக்கமாகிவிட்டது. சென்னையை விட ஜனம் குறைந்த நாடு அது. வருஷா வருஷம் அந்தக் கதவு திறக்கிறதென்றால் ஒரு பிடி கீரைக்குக் கிடைத்த விலை கொஞ்சமா?

டெல்லி விருந்தில் யாரும் யாரிடமும் எதையும் விற்றதாகத் தெரியவில்லை. அதுதான் சாமர்த்தியம் என்று எனக்குப் பட்டது. அப்போது இறக்குமதி விஸ்கிக்கு இங்கே 150 சதவீதம் சுங்க வரி. வரியைப் பற்றி மேடையில் ஒரு வார்த்தை இல்லை. பிடில் வாசித்தார்கள், அமைச்சர் ஐந்து நிமிஷம் பேசினார், எங்கள் பர்ச்சேஸ் மேனேஜர் கையில் ஒரு கிளாஸைக் கொடுத்தார்கள். அவர் வீட்டுக்குப் போகும்போது சட்டைப்பையில் ஏழு விசிட்டிங் கார்டு.

2018 விருந்தில் ஓரமாக ஒரு மேசை போட்டுப் பல்கலைக்கழகக் கையேடுகள் அடுக்கியிருந்தார்கள். தட்டு எடுக்கப் போன நான் ஒன்றை எடுத்து ஏப்ரனுக்குள் செருகிக்கொண்டேன். முதுகலை முடித்தால் 2 வருஷம் தங்கி வேலை தேடலாம் என்ற வரியைப் பேனாவால் கோடிட்டு உன் மேசையில் வைத்தது நான்தான், அம்மா இல்லை. அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். வங்கிக் கடன், அம்மாவின் வளையல், 2019 செப்டம்பரில் ஏர்போர்ட். ஆக, நீ திட்டும் அந்த விமான டிக்கெட்டுக்கு அவர்கள் சம்பாதித்த வரவில் உன் இரண்டு செமஸ்டர் ஃபீஸும் உண்டு. எனக்கு அதில் கொஞ்சம் கோபமும் உண்டு, மறைப்பானேன். வெண்ணெயை விற்க வந்தவர்கள் என்று நினைத்துப் பரிமாறிக்கொண்டிருந்தேன், என் பிள்ளையைக் கூட்டிப்போய்விட்டார்கள்.

கொரோனாவால் 2020-லும் 21-லும் அணிவகுப்பே இல்லாமல் போனது. இந்த வருஷம் மழை பெய்தாலும் போய் நின்று பார். சட்டையில் குத்திக்கொள்ள யாராவது இலை கொடுத்தால் இதழை எண்ணிக்கொள்.

போன ஞாயிறு அம்மாவுக்குச் சோடா ரொட்டி சுட்டுக் கொடுத்தேன். மோர்க்களியை அடுப்பில் மறந்துவிட்டீர்களா என்று கேட்டாள். இரண்டு துண்டு சாப்பிட்டாள். வெண்ணெய் இல்லாமல் இறங்கவில்லை, நீ வரும்போது இரண்டு கட்டி எடுத்து வா.

அன்புடன்,
அப்பா