பொருள்: ஆப்டோச்சின் டிஸ்க் வேலை செய்யவில்லை, லாட்டை (தயாரிப்புத் தொகுதியை) மாற்றித் தரக் கோரி

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். நிமோனியா, மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமியை அடையாளம் காட்டும் 5 மைக்ரோகிராம் ஆப்டோச்சின் டிஸ்க் (மருந்து ஊறிய காகித வில்லை) பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை, தயாரிப்பது நீங்கள். இணைப்பில் உள்ள லாட்டில், டிஸ்க்கின் தரம் பார்க்க வைக்கும் நிமோகாக்கஸ் கன்ட்ரோலே (ஏ.டி.சி.சி. 49619 என்ற நிலையான கிருமி வகை) 11 மி.மீ. ஜோனை (டிஸ்க்கைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம்) தாண்டவில்லை. 6 மி.மீ. டிஸ்க்குக்கு 14 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்பது உங்கள் கையேட்டிலேயே இருக்கிறது. அதே பிளேட்டில் பக்கத்திலேயே வைத்த உங்கள் பழைய லாட் டிஸ்க் 17 மி.மீ. காட்டியது. ஒரே பிளேட், ஒரே கல்ச்சர். அப்புறம் பிழை எங்கே?

இதைச் சொன்னதற்கு உங்கள் தொழில்நுட்ப உதவியாளர் தந்த பதிலைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. "கார்பன் டை ஆக்சைடு ஜாரெல்லாம் எதுக்கு? சாதா இன்குபேட்டர்ல வைங்க, ஜோன் தானா பெருசாகும்" என்றார். ஆகத்தான் ஆகும்! 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு இல்லாவிட்டால் வாயில் இயல்பாகவே இருக்கும் விரிடன்ஸ் கிருமி கூட நிமோகாக்கஸ் மாதிரி ஜோன் காட்டும். 14 மி.மீ. என்ற அளவே அந்த வாயுச் சூழலுக்கு வகுத்ததுதான். மேற்கொண்டு கேட்டதற்கு, "டிஸ்க் வைக்கத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா போனைக் குடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். இதுதான் உங்கள் சேவையா?

5 சதவீத செம்மறி ரத்த அகார் (கிருமி வளர்க்கும் ஊடகம்), 35 டிகிரி, 18 முதல் 24 மணி நேரம். எதிலும் குறை இல்லை. டிஸ்க்குகள் 2–8 டிகிரியில் இருந்தன. குப்பியை அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறந்தோம். உள்ளே இருந்த ஈரம் உறிஞ்சும் பொட்டலம் மட்டும் பிரிக்கும்போதே நிறம் மாறியிருந்தது, அதாவது ஈரம் முன்பே ஏறியிருக்கிறது. படம் இணைத்துள்ளேன். தயவுசெய்து பாருங்கள்.

டிஸ்க்கை நம்ப முடியாததால், ஆல்பா ஹீமோலிசிஸ் (ரத்த அகாரில் பச்சை நிற வளையம்) காட்டும் காலனி ஒவ்வொன்றையும் கரைசலாக்கி, 2 சதவீத டிஆக்சிகோலேட் (ஒரு பித்த உப்பு) ஊற்றி, கலங்கல் தெளிகிறதா (தெளிந்தால் நிமோகாக்கஸ்) என்று 2 மணி நேரம் காத்திருக்கிறோம். டிஸ்க்கை மட்டும் நம்பியிருந்தால் சளி மாதிரியில் வந்த நிமோகாக்கஸ் 'சாதாரணக் கிருமி' என்று அறிக்கையில் போயிருக்கும். மூளைத் தண்டுவட நீரில் வந்திருந்தால்? எங்கள் ஆய்வகத்தின் பெயரே நாறிப்போயிருக்கும்.

மாற்று என்று அனுப்பினீர்களே, அதுவும் அதே லாட். பிரித்துக்கூடப் பார்க்காமல் அனுப்பியிருக்கிறீர்கள். உங்கள் கிடங்குக்கு நேரில் வந்தும் "ரசீது பிரிவு வேறு" என்று திருப்பி அனுப்பினார்கள்.

வேறு லாட், அதன் தரச் சான்றிதழ், இந்த லாட்டை வாங்கிய மற்ற ஆய்வகங்களுக்கு எச்சரிக்கை: இம்மூன்றும் ஒரு வாரத்துக்குள் நடக்க வேண்டும். நீண்ட நாள் வாடிக்கையாளர் என்ற முறையில் பணிவாகவே கேட்கிறேன். தவறினால் பிளேட் படங்களோடு மருத்துவச் சாதனக் கட்டுப்பாட்டு அதிகாரியிடமும் நுகர்வோர் ஆணையத்திலும் புகார் போகும். பதில் எழுத்தில் வேண்டும். தொலைபேசியில் அந்த நபரை மட்டும் மறுபடி பேசவிடாதீர்கள்.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல் பிரிவுப் பொறுப்பாளர்