கமிட்டி அறையில் இருந்த இன்னொருவர்: சபை மூப்பர்களுக்கும் போதகர்களுக்கும் ஒரு திறந்த மடல்

சபைகளை நடத்துகிற போதகர்களுக்கும், மூப்பர்களுக்கும், கமிட்டி உறுப்பினர்களுக்கும் ஸ்தோத்திரம்.

நான் போதகன் அல்ல. ஒரு சபையில் ஒன்பது வருடம் செயலாளராக இருந்தவன். மினிட்ஸ் எழுதுவது, ஆண்டறிக்கை தயாரிப்பது, ஞாயிறு அறிவிப்புகளை வாசிப்பது, இவ்வளவுதான் என் ஊழியம். பொறுப்பிலிருந்து விலகிய பிறகுதான் வேதத்தை அவசரமில்லாமல் வாசிக்க முடிந்தது. அப்போது உறுத்திய ஒரு விஷயத்தை உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்பது வருட மினிட்ஸில் மாறாமல் இருந்தவை இரண்டே வரிகள். முதல் வரி: "கூட்டம் ஜெபத்துடன் தொடங்கியது." கடைசி வரி: "கூட்டம் ஜெபத்துடன் நிறைவுற்றது." நடுவில் நடந்ததையெல்லாம் எழுதினேனா என்றால், இல்லை. குரல் உயர்ந்ததை எழுத முடியாது. ஒருவர் எழுந்து போனதையும், அவரைச் சமாதானப்படுத்த இன்னொருவர் பின்னாலேயே ஓடியதையும் எழுத முடியாது. தீர்மானத்தை மட்டும் எழுதுவேன்.

ஒரு நாள் ஓர் இளைஞனைப் பற்றிப் புகார் வந்தது. என்ன புகார் என்பது இங்கே வேண்டாம். அதில் பாதி உண்மையில்லை என்பது பின்னால் தெரிந்தது. அவனை வரச் சொல்லியிருந்தோம், நேரத்துக்கு வந்துவிட்டான். "கொஞ்சம் வெளியே இருங்க தம்பி, கூப்பிடறோம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. மெல்லிய கதவு அது. உள்ளே பேசினால் வெளியே வார்த்தை புரியாது, ஆனால் பெயரைச் சொன்னால் கேட்கும். நடுவில் ஒருமுறை மெதுவாகத் தட்டினான். "இருப்பா, முடியப்போகுது" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். எல்லாம் முடிவான பிறகு உள்ளே அழைத்து, தீர்மானத்தை வாசித்துக் காட்டினோம். வாசித்தது நான்தான். "சரிங்க ஐயா" என்றான். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

அன்றைய மினிட்ஸில் நான் எழுதியது: "சம்பந்தப்பட்டவருக்கு முடிவு தெரிவிக்கப்பட்டது. கூட்டம் ஜெபத்துடன் நிறைவுற்றது." அந்த நிறைவு ஜெபத்தில், "எங்கள் மத்தியில் இருந்து வழிநடத்தினீரே, உமக்கு நன்றி" என்று ஒருவர் சொன்னார். நாங்கள் எல்லோரும் ஆமென் சொன்னோம்.

எங்கள் மத்தியில் இருந்தார் என்பது உண்மை. அந்த உண்மை எவ்வளவு கனமானது என்பதுதான் எங்களுக்கு உறைக்கவில்லை.

ஞாயிறுதோறும் "கர்த்தாவே, எங்கள் மத்தியில் எழுந்தருளி வாரும்" என்று கூப்பிட்டுப் பழகிவிட்டோம். அந்த ஜெபத்தில் எனக்குக் குறை இல்லை, நானும் அப்படித்தான் ஜெபிக்கிறேன். ஆனால் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கூப்பிட்டால் வருகிறவர், கூப்பிடாதபோது வேறெங்கோ இருக்கிறவர் என்று மனது தானாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொள்கிறது. ஆராதனையில் பிரசன்னம், கமிட்டியில் நிர்வாகம் என்று இரண்டாகப் பிரித்துவிடுகிறோம்.

வேதத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தின் முதல் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பத்மு தீவில் யோவான் தனக்குப் பின்னால் ஒரு சத்தத்தைக் கேட்டுத் திரும்புகிறான். முதலில் கண்ணில் படுவது ஏழு பொன் குத்துவிளக்குகள். அப்புறம்தான் அவற்றின் மத்தியில் மனுஷகுமாரனுக்கொப்பானவரை, உயிர்த்தெழுந்த இயேசுவை, பார்க்கிறான். குத்துவிளக்குகள் ஏழு சபைகள் என்று அந்த அதிகாரமே சொல்லிவிடுகிறது. எபேசு, சிமிர்னா, பெர்கமு, தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா. ஒவ்வொரு சபைக்கும் ஒரு கடிதத்தை அவர் யோவானைக்கொண்டு எழுதவைக்கிறார். இவற்றில் கண்டனம் இல்லாமல் கடிதம் பெற்றவை சிமிர்னாவும் பிலதெல்பியாவும் மட்டுமே. மற்ற ஐந்துக்கும் "மனந்திரும்பு" என்கிற வார்த்தை போகிறது. அப்படியும் அவர் நிற்பது அந்த ஐந்துக்கும் நடுவில்தான்.

அடுத்த அதிகாரத்தில் நிற்பது நடப்பதாகிறது. "ஏழு பொன் குத்துவிளக்குகளின் மத்தியிலே உலாவிக்கொண்டிருக்கிறவர்." இந்த "உலாவி" என்கிற சொல் எனக்குப் பழகியதாக இருந்தது, தேடிப் பார்த்தேன். லேவியராகமம் 26-இல் "நான் உங்கள் நடுவிலே உலாவி, உங்கள் தேவனாயிருப்பேன்" என்கிற வாக்குத்தத்தத்தில் இருக்கிறது. இது நமக்கு மனப்பாடம். ஆனால் உபாகமம் 23-இலும் இருக்கிறது. அதை யாரும் வசன அட்டையில் அச்சடித்து நான் பார்த்ததில்லை. இஸ்ரவேலர் கூடாரம் போட்டுத் தங்குகிற பாளயத்துக்கு வெளியே ஓர் இடம் இருக்க வேண்டும். ஆயுதங்களோடு ஒரு சிறுகோலும் வைத்திருக்க வேண்டும். மலஜலாதிக்குப் போனால் அதால் மண்ணைத் தோண்டி மூடிவிட வேண்டும். ஏனென்றால் கர்த்தர் பாளயத்துக்குள்ளே உலாவிக்கொண்டிருக்கிறார்!

முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் சிரிக்க முடியவில்லை. உலாவுகிறவர் ஆசரிப்புக் கூடாரத்தின் வாசலோடு திரும்பிப் போய்விடுகிறவர் அல்ல. கூடாரங்களின் பின்பக்கமும் அவருடைய வழிதான். நம் சபைகளில் பின்பக்கம் எது என்பது செயலாளராக இருந்தவனுக்கு நன்றாகத் தெரியும். மூடிய கதவுக்குப் பின்னால் நடக்கிற பேச்சு, "இது உங்களோட இருக்கட்டும்" என்று ஆரம்பிக்கிற போன், யாரை அடுத்த கமிட்டிக்குள் வரவிடக் கூடாது என்கிற திட்டம். எல்லாம் அவர் நடக்கிற பாதையில் கிடக்கிறது.

ஏழு கடிதங்களிலும் திரும்பத் திரும்ப வருகிற வார்த்தை "அறிந்திருக்கிறேன்." எதை அறிந்திருக்கிறார் என்று பார்த்தபோது என் பழைய ஆண்டறிக்கைகளை நினைத்து வெட்கமாக இருந்தது. நான் எழுதியதெல்லாம் எண்கள்: புது அங்கத்தினர், ஞானஸ்நானம், காணிக்கை, கட்டட நிதி. அந்தக் கடிதங்களில் ஓர் எண்கூட அப்படி வரவில்லை. சிமிர்னா சபையிடம், நீ ஐசுவரியமுள்ளவனாயிருந்தும் உனக்கிருக்கிற தரித்திரத்தை அறிந்திருக்கிறேன் என்கிறார். நம் கணக்குப் புத்தகத்தில் அதற்கு ஒரு தலைப்பே கிடையாது. பெர்கமுவிடம், நீ எங்கே குடியிருக்கிறாய் என்பதை அறிந்திருக்கிறேன் என்கிறார். அங்கே கொல்லப்பட்ட ஒரு மனிதனை அந்திப்பா என்று பெயர் சொல்லி, "எனக்கு உண்மையான சாட்சி" என்கிறார். தியத்தீராவிடம், பின்பு செய்த கிரியைகள் முன்பு செய்தவற்றைவிட அதிகம் என்கிறார். வளர்ச்சியையும் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

இதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. உங்களில் பலர் ராத்திரி பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு குடும்பத்தோடு உட்கார்ந்திருந்துவிட்டு, காலையில் வழக்கம்போல வேலைக்குப் போனவர்கள். அது எந்த மினிட்ஸிலும் இல்லை. நானே எழுதவில்லை. அதுவும் அந்த "அறிந்திருக்கிறேன்" என்பதற்குள் இருக்கிறது. அவரைப் பார்த்ததும் யோவான் செத்தவனைப்போல விழுந்தபோது, ஏழு நட்சத்திரங்களைப் பிடித்திருந்த வலதுகரத்தை அவன்மேல் வைத்து, "பயப்படாதே" என்றுதான் சொன்னார்.

ஆனால் சர்தைக்குப் போன கடிதத்தை என்னால் அவ்வளவு சுலபமாகத் தாண்ட முடியவில்லை. "நீ உயிருள்ளவனென்று பெயர்கொண்டிருந்தும் செத்தவனாயிருக்கிறாய்." உடனே, "விழித்துக்கொண்டு" என்கிறார். அந்த ஊர்க்காரர்களுக்கு இது குத்தியிருக்கும். சர்தையின் கோட்டை செங்குத்தான மலைமேல் இருந்தது. யாரும் ஏற முடியாது என்று நம்பி அந்தப் பக்கம் காவலே வைக்கவில்லை. கி.மு. 546 வாக்கில், வேதத்தில் கோரேஸ் என்று வருகிற பாரசீக ராஜா முற்றுகை போட்டிருந்தபோது, கோட்டைக்குள்ளிருந்த ஒரு வீரனின் தலைச்சீரா கீழே உருண்டு விழுந்ததாம். அவன் இறங்கி வந்து எடுத்துக்கொண்டு திரும்ப ஏறிப் போனான். அதைப் பார்த்துக்கொண்டிருந்த பாரசீக வீரன் ஒருவன் அதே வழியாக ஏற, மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள், கோட்டை விழுந்தது என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோதோத்தஸ் எழுதுகிறார். காவல் தேவையில்லை என்று நாம் நினைக்கிற பக்கம் எது? எங்கள் சபைக்கு அது கமிட்டி அறைதான். பிரசங்கத்தில் உபதேசப் பிழை வந்துவிடக் கூடாது என்று அத்தனை கவனமாக இருந்தோம். ஒரு தம்பியை வெளியே நிறுத்திவைத்தபோது யாரும் விழித்திருக்கவில்லை.

இனி மத்தேயு 18:20. "இரண்டுபேராவது மூன்றுபேராவது என் நாமத்தினாலே எங்கே கூடியிருக்கிறார்களோ, அங்கே அவர்கள் நடுவிலே இருக்கிறேன்." ஜெபக்கூட்டத்துக்கு ஆள் குறைந்தால் நாம் எடுக்கிற வசனம். ஆறுதல்தான், தப்பில்லை. ஆனால் ஐயா, அந்த வசனம் இருக்கிற இடத்தைப் பாருங்கள். 15-ஆம் வசனத்திலிருந்து பேச்சு முழுவதும் குற்றம் செய்த சகோதரனை என்ன செய்வது என்பதுதான். முதலில் தனியாகப் போய் அவனிடம் பேசு. கேட்காவிட்டால் ஒருவர் இருவரைக் கூட்டிக்கொண்டு போ. அதற்கும் கேட்காவிட்டால்தான் சபை. கட்டுவது, கட்டவிழ்ப்பது எல்லாம் அதற்குப் பிறகு. "நடுவிலே இருக்கிறேன்" என்று அவர் சொல்வது அந்தப் பேச்சின் முடிவில். அதாவது, இன்னொரு விசுவாசியைப் பற்றி நாம் முடிவெடுக்க உட்காருகிறபோது.

அதற்கு முன்னால் இருப்பது காணாமற்போன ஆட்டைத் தேடிப் போகிறவனின் கதை. பின்னால் இருப்பது, எத்தனை தரம் மன்னிப்பது என்று பேதுரு கேட்க, ஏழெழுபதுதரம் என்கிற பதில். இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்துதான் சபை ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வேண்டும். நாங்கள் முதல் படியையும் இரண்டாம் படியையும் தாண்டி நேரே மூன்றாவதில் ஏறி நின்றோம். அவனோடு தனியாகப் பேச ஒருவர்கூடப் போகவில்லை. நானும் போகவில்லை.

சிலர் கேட்பீர்கள்: சபை விஷயம் எல்லாவற்றையும் எல்லார் முன்னாலும் பேச முடியுமா, இரகசியம் காக்க வேண்டாமா? கட்டாயம் காக்க வேண்டும். 15-ஆம் வசனமே "அவனும் நீயும் தனித்திருக்கையில்" என்றுதான் சொல்கிறது. ஆனால் அந்தத் தனிமை அவனைக் காப்பாற்றுவதற்கு. எங்கள் கதவு எங்களைக் காப்பாற்றுவதற்குச் சாத்தப்பட்டது.

கதவு என்றதும் லவோதிக்கேயா வந்துவிடுகிறது. கி.பி. 60-இல் பூகம்பத்தில் விழுந்த அந்த நகரம், ரோமின் உதவி இல்லாமல் தன் சொந்தப் பணத்திலேயே எழுந்துகொண்டது என்று ரோம வரலாற்றாசிரியர் தாசிட்டஸ் குறித்திருக்கிறார். "எனக்கு ஒரு குறைவுமில்லை" என்று அந்தச் சபை சொல்லிக்கொண்டதில் ஆச்சரியமில்லை, ஊரின் பேச்சே அதுதான். அந்தச் சபையிடம்தான், "இதோ, வாசற்படியிலே நின்று தட்டுகிறேன்" என்கிறார். நற்செய்திக் கூட்டத்தில் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிச் சொல்லி, இந்த வசனம் ஒரு சபைக்கு எழுதப்பட்டது என்பதையே மறந்துவிட்டோம். ஆராதனை நடக்கிறது, காணிக்கை வருகிறது, குறைவொன்றுமில்லை. சபையின் ஆண்டவர் வெளியே நிற்கிறார். குத்துவிளக்குகளின் நடுவில் உலாவுகிறவர் வாசலுக்கு வெளியிலும் நிற்பது எப்படி என்று என்னால் இறையியலாக விளக்க முடியாது. ஆனால் அன்றைக்கு எங்கள் கதவை வெளியிலிருந்து ஒருவன் தட்டினான், நாங்கள் "இருப்பா" என்றோம். அந்த வசனத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சத்தம்தான் கேட்கிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒருவரைப் பற்றி முடிவெடுக்கிற கூட்டம் என்றால், முதலில் அவரை உள்ளே கூப்பிடுங்கள், அவர் பேசி முடிக்கட்டும். உங்களில் யாராவது அதற்கு முன்பே அவரிடம் தனியாகப் போயிருந்தால்தான் விஷயத்தைக் கூட்டத்தில் எடுங்கள். போகாவிட்டால் யார் போவது என்று மட்டும் தீர்மானித்துவிட்டுக் கலைந்துவிடுங்கள். மத்தேயு 18-ஐ 12-ஆம் வசனத்திலிருந்து 22 வரைக்கும் முழுதாக வாசித்துவிட்டு ஆரம்பியுங்கள், மூன்று நிமிடம் ஆகாது. ஆண்டவருக்கென்று ஒரு காலி நாற்காலி போட்டுவைக்கிற யோசனையை ஒருவர் என்னிடம் சொன்னார். நல்ல எண்ணம்தான், ஆனால் குத்துவிளக்குகளின் நடுவில் அவர் உட்கார்ந்திருப்பதாக வெளிப்படுத்தின விசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இல்லை, உலாவுகிறார். நாற்காலியை வெளியே நிற்கிறவருக்குக் கொடுங்கள்.

போன மாதம் அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போனேன். நான்கு வருடம் தாமதம். கதவு உடனே திறந்தது. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு, ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்: "அன்னைக்கு உள்ளே என்ன பேசினீங்க ஐயா?" சொன்னேன். யார் என்ன சொன்னார் என்பதை விட்டுவிட்டு, நான் என்ன சொன்னேன், எங்கே பேசாமல் இருந்தேன் என்பதை மட்டும் சொன்னேன். அதற்கே நேரமாகிவிட்டது. சபைக்குத் திரும்ப வருகிறேன் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த நாளின் மினிட்ஸில் ஒரு திருத்தம் சேர்க்கும்படி எங்கள் இப்போதைய கமிட்டிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்: சம்பந்தப்பட்டவரின் பேச்சைக் கேட்காமலேயே முடிவெடுக்கப்பட்டது என்று ஒரு வரி. அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்வதாகப் பதில் வந்திருக்கிறது.

கர்த்தருக்குள்,
ஒரு முன்னாள் செயலாளர்