வசந்தப் பருவ மாணவர் கலை நிகழ்ச்சிகள்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, பொதுக்குழு உறுப்பினர்களே, வணக்கம்.

கலிபோர்னியாவில் நம் ஊர்ச் சமுதாயக் கல்லூரியின் (இரண்டு ஆண்டு படித்துப் பல்கலைக்கழகத்துக்கு மாறக்கூடிய அரசுக் கல்லூரி) தமிழ் மாணவர் கிளப்புக்குத் துணையாகச் சங்கம் இந்த வசந்தப் பருவத்தில் செய்த பணிகளைப் பற்றியது இவ்வறிக்கை. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

பொங்கல் விழாவை ஏன் பிப்ரவரியில் வைத்தோம் என்று பலர் கேட்டதால் தேதியிலிருந்தே தொடங்குகிறேன். கலிபோர்னியாவின் 116 சமுதாயக் கல்லூரிகளுக்கும் ஒரே நாட்காட்டி கிடையாது. டி அன்சா, ஃபுட்ஹில் போன்றவை ஆண்டை நான்காகப் பிரிக்கும் குவார்ட்டர் முறையில் நடக்கின்றன. அங்கே ஜனவரி தொடக்கத்திலேயே வகுப்புகள் ஆரம்பித்துவிடுவதால் தை முதல் நாளன்று மாணவர்கள் வளாகத்தில் இருப்பார்கள். நம் கல்லூரி செமஸ்டர் முறை. ஜனவரி கடைசியில்தான் திறக்கிறது. பிப்ரவரி முதல் இரண்டு வாரத்துக்குள் விழாவை முடிக்காவிட்டால் அடுத்து இடைத்தேர்வு, பிறகு வசந்த விடுமுறை என்று நாள் கிடைக்காது. உணவு மேசை நிகழ்ச்சியை மார்ச்சிலிருந்து ஏப்ரலுக்கு மாற்றியதற்கும் காரணம் உண்டு. இந்த ஆண்டு ரமலான் நோன்பு மார்ச் மாதம் முழுவதும் இருந்தது. நண்பகலில் சாப்பாடு வைத்துக்கொண்டு நோன்பிருக்கும் மாணவர்களை விழாவுக்கு அழைப்பதில் பொருளில்லை.

நேரமும் அப்படித்தான். நம் சங்க விழாக்களைச் சனிக்கிழமை மாலை வைத்தே பழகியவர்கள் நாம். நம் கல்லூரி மாணவர்களுக்கு வளாகத்தில் விடுதி இல்லை. பாதிப் பேர் வகுப்பு முடிந்ததும் வேலைக்கு ஓடுகிறார்கள், வார இறுதியிலும் வேலைதான். அவர்கள் கையில் இருப்பது காலேஜ் அவர் எனப்படும், வகுப்புகள் அதிகம் வைக்கப்படாத அந்த நண்பகல் ஒரு மணி நேரம். அதற்குள் 45 நிமிட நிகழ்ச்சிதான் அடங்கும். வரவேற்புரை இரண்டு நிமிடம், பொன்னாடை கிடையாது. மூத்த உறுப்பினர்கள் சிலருக்கு இதில் வருத்தம் என்று தெரியும். பொன்னாடைக்குப் போகும் பத்து நிமிடத்தில் பரதநாட்டியத்தின் நீண்ட உருப்படியான வர்ணத்தின் கால் பங்கை ஆடிவிடலாம்.

இனி காகித வேலை. விழாவுக்குப் பணம் ஒதுக்கும் மாணவர் பேரவை, கலிபோர்னியாவின் பொதுக்கூட்ட வெளிப்படைச் சட்டமான பிரவுன் சட்டத்துக்கு உட்பட்டது. கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிகழ்ச்சி நிரலை ஒட்டியாக வேண்டும், நிரலில் இல்லாத எதற்கும் பணம் ஒதுக்கித் தீர்மானம் போட முடியாது. ஆகவே திங்கள் கூட்டத்துக்கு வெள்ளி மாலை மனு கொடுத்தால் அது அடுத்த கூட்டத்துக்குத்தான் போகும். மாணவர்கள் பருவத்துக்கு 2 டாலர் பிரதிநிதித்துவக் கட்டணம் கட்டுகிறார்களே, அதிலிருந்து விழாவுக்குத் தரலாமே என்று ஒரு யோசனை அடிக்கடி வருகிறது. அந்தப் பணம் அரசிடம் மாணவர் குரலை எடுத்துச் செல்வதற்காக வசூலிக்கப்படுவது. அதில் ஒரு டாலர் மாநில மாணவர் செனட்டுக்குப் போய்விடுகிறது. விழாவுக்குக் கேட்க வேண்டிய இடம் மாணவர் அட்டை விற்பனைப் பணம்.

அரங்கத்தைச் சங்கத்தின் பெயரில் எடுத்தால் காப்புறுதிச் சான்று கேட்பார்கள். அதில் கூடுதல் காப்புறுதிதாரராகக் கல்லூரியின் பெயரை எழுதினால் திரும்பி வந்துவிடும். கல்லூரியை நடத்தும் நிர்வாக அமைப்பான கல்லூரி மாவட்டத்தின் சட்டப்பூர்வப் பெயரை எழுத வேண்டும். வாடகையை மிச்சம் பிடிக்க வெளி நிகழ்ச்சி ஒன்றை கிளப்பின் பெயரில் போடலாமே என்ற எண்ணத்தை அடியோடு விட்டுவிடுங்கள். அது தெரியவந்தால் கிளப்பின் பதிவே போகும்.

பறை பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். காற்றின் ஈரத்தைக் குடித்தால் தோல் தளர்ந்து, ஓசை அமுங்கிவிடும். ஊரில் வைக்கோலையோ சருகையோ கொளுத்திக் காய்ச்சிக்கொள்வோம். வளாகத்தில் தீயணைப்பு அதிகாரியின் அனுமதி இல்லாமல் தீக்குச்சி கூடக் கிழிக்க முடியாது. அதிலும் பிப்ரவரி இங்கே மழைக்காலம். வெயில் இருந்தால் அரை மணி நேரம் பறையின் முகத்தைச் சூரியனுக்குக் காட்டி வைத்தாலே போதும். இல்லாவிட்டால் சூடான காற்றை ஊதும் ஹீட் கன். அதை அரை அடியாவது தள்ளிப் பிடித்து, வட்டமாக நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் தோல் சுருங்கி அங்கே கிழியும். விளிம்பில் காட்டவே கூடாது, புளியங்கொட்டைப் பசை விட்டுக்கொள்ளும். இடையிடையே விரலால் சுண்டிப் பாருங்கள், ஓசை ஏறியதும் நிறுத்திவிடுங்கள். காய்ச்சிய பறையைக் குளிர்ந்த புல்வெளியில் வைத்துவிட்டு வரவேற்புரை கேட்கப் போனால் சுருதி இறங்கிவிடும். மேடையேறுவதற்குச் சற்று முன்புதான் காய்ச்ச வேண்டும்.

செயற்கைத் தோல் பூட்டிய பறைக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஓசை கூராக இருக்குமே தவிர நீண்டு ஒலிக்கும் கார்வை கிடைக்காது. முன்வரிசையில் அடிப்பவர்களுக்குத் தோல் பறையும் புதிதாகக் கற்பவர்களுக்குச் செயற்கைத் தோலும் என்று கலந்துகொள்வதே நடைமுறைக்கு ஒத்துவருகிறது. பறையடிக்கும் நீண்ட குச்சியான சிம்புக்குச்சி மெல்லியது, ஆட்டத்தின் நடுவே முறியும். ஒருவருக்கு இரண்டு உபரி வேண்டும். நிற்கும் திசையும் முக்கியம். நூலகத்தையோ தேர்வு மையத்தையோ பார்த்து நின்றால் ஐந்தாவது நிமிடத்தில் வளாகக் காவலர் வந்துவிடுவார்.

பரதநாட்டியத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது தரை. கான்கிரீட் மேல் வினைல் விரித்த மேடையில் காலைத் தட்டி ஆடும் தட்டடவு ஆடினால் ஒரு வாரத்துக்கு முழங்கால் வலிக்கும். நடன வகுப்பறைகளில் மரப்பலகைக்கு அடியில் விசைகொடுக்கும் தரை இருக்கிறது. பார்வையாளர் இடம் குறைந்தாலும் அதையே கேளுங்கள். இன்னொரு சிக்கல் சலங்கை. பட்டையில் தையல் விட்டு உதிர்ந்த மணி தரையில் கிடந்தால் அடுத்து ஆடுபவரின் வெறுங்காலில் ஏறும். ஒவ்வொரு உருப்படிக்கும் நடுவில் உலர்ந்த மாப்பால் ஒரு முறை இழுப்பதற்கென்றே ஒருவர் ஓரத்தில் நிற்க வேண்டும். பாட்டை இணையத்திலிருந்து நேரடியாக ஓட்டாதீர்கள். வளாக வைஃபை நடுவில் தடுமாறும். கைப்பேசியில் போட்டால் யாராவது அழைப்பார்கள். இரண்டு யு.எஸ்.பி.யில் ஒரே கோப்பை, ஆடுபவர் வரிசை எண்ணோடு பெயரிட்டுக் கொடுப்பதே சரி.

குத்துவிளக்குக்கு மின்கல விளக்குதான். பின்னணியில் தொங்கவிடும் புடவைக்கும் காகிதத் தோரணத்துக்கும் தீத்தடுப்பு மருந்து அடித்திருக்க வேண்டும். பட்டுப்புடவையில் அதை அடித்தால் கறை விழும், ஆகவே பட்டு வேண்டாம். வெளியே போடும் 10 அடிக்கு 10 அடி கூடாரங்களை ஒட்டி ஒட்டி நிறுத்தினால் பரப்பைக் கூட்டித்தான் கணக்கு. பக்கத்திரை போட்டிருந்தால் 400 சதுர அடியைத் தாண்டியதும் அனுமதி தேவைப்படும்.

உணவில் வீட்டுச் சமையல் செல்லாது. கவுண்டி சுகாதாரத் துறையின் தற்காலிக அனுமதியும் உரிமம் பெற்ற சமையலறையும் வேண்டும். சூடாகப் பரிமாறுவது 135 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையக் கூடாது, குளிர்ந்தது 41-ஐத் தாண்டக் கூடாது. தயிர்சாதம் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறது, ஐஸ் தட்டு இல்லாமல் அதை வைக்கவே வேண்டாம். வெண்பொங்கல் சூட்டிலேயே இருந்தாலும் இறுகும். வீட்டில் ஒன்றுக்கு நாலு தண்ணீர் என்றால் இங்கே ஆறு வையுங்கள், பக்கத்தில் வெந்நீரும் நெய்யும் இருக்கட்டும். நாலு அவுன்ஸ் கிண்ணத்தில் 100 பேருக்கு ஒன்றரைக் கிலோ பச்சரிசியும் அரைக் கிலோ பாசிப்பருப்பும் தாராளம். ஒவ்வாமை அட்டையில் முந்திரியும் நெய்யும் எழுதிவிடுகிறோம், ஆனால் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு இருப்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. புளியோதரையின் நல்லெண்ணெயும் எள்தான். 2023 ஜனவரி முதல் எள்ளும் அமெரிக்காவின் முக்கிய ஒவ்வாமைப் பொருள்களில் ஒன்று.

ஹோலி நிகழ்ச்சி மற்ற தெற்காசிய மாணவர்களுடையது, நாம் ஆள் உதவி மட்டும் செய்தோம். ஒரு குறிப்பு: வண்ணப்பொடி சோளமாவு, காற்றில் மேகமாகப் பரவினால் தீப்பற்றும். 2015 ஜூனில் தைவானின் நீர்ப்பூங்கா ஒன்றில் இப்படிப் பற்றியதில் 15 பேர் இறந்தார்கள். கையால் பூசலாம், ஊதும் கருவி வேண்டாம். முடிந்ததும் தண்ணீர் அடித்துக் கழுவாமல் பெருக்கி அள்ள வேண்டும், மழைநீர் வடிகாலில் மழை தவிர வேறெதுவும் போகக் கூடாது.

மாணவர் ஓவியக் கண்காட்சிக்குச் சங்கம் படம் மாட்ட ஆள் அனுப்பியது, படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 57 அங்குலம் என்ற ஒரே விதியோடு. திரைப்படக் காட்சியைக் கைவிட்டோம். பதிப்புரிமைச் சட்டத்தில் வகுப்பறைப் பாடத்துக்குள்ள விலக்கு கிளப்புக்குப் பொருந்தாது, பொதுத் திரையிடல் உரிமத்தின் விலை கட்டுப்படியாகவில்லை.

பொதுக்குழுவின் முன் இரண்டு தீர்மானங்களை வைக்கிறேன். முதலாவது, கிளப் நிர்வாகிகள் தேர்தலை மார்ச்சில் நடத்துமாறு மாணவர்களைக் கேட்டுக்கொள்வது. ஏப்ரல் கடைசிக்குள் பல்கலைக்கழக மாற்றல் முடிவுகள் வந்துவிடும். அதன்பிறகு பழைய நிர்வாகிகளின் மனம் புது ஊரில் வீடு தேடுவதில் இருக்கும், பொறுப்பை ஒப்படைக்க ஆள் கிடைக்காது. இரண்டாவது, செயற்கைத் தோல் பறைகள் வாங்கி கிளப்பின் அலமாரியிலேயே வைப்பது.

உணவு மேசைக்குப் போன சங்கத்தின் பெரிய அண்டாவும் அதன் மூடியும் இன்னும் திரும்பவில்லை. வைத்திருப்பவர்கள் பொருளாளரிடம் சேர்த்துவிடவும்.

இப்படிக்கு,
செயலாளர்